இரண்டு கம்பி அறுந்துபோன கிட்டார்

1

எங்கள் கல்யாணம் நடந்து முப்பது வருஷம் ஆனதை நாங்கள் இரண்டு பேருமே மறந்துவிட்டோம். நான் மறந்தது வேலை அலுப்பில். இவர் ஏன் மறந்தார் என்பதைச் சொல்லத்தான், ஊரில் இருக்கிறவர்களே, இதை எழுதுகிறேன்.

ஞாபகம் வைத்திருந்தவள் மகள் ரூத். இங்கிலாந்தின் வடக்கே நாங்கள் இருக்கிற சின்ன ஊரிலிருந்து அவள் இருக்கிற லண்டனுக்கு ரயிலில் போனால் அரை நாள்கூட ஆகாது. ஆனாலும் அவள் வருவது கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும்தான். அன்றைக்குப் போனில் கூப்பிட்டு, அப்பாவுக்கு ஒரு பரிசு ஏற்பாடு செய்திருப்பதாகச் சொன்னாள். பக்கத்து ஊரில் ஒரு பட்டறை. சனிக்கிழமைதோறும் போனால் வெறும் பலகையில் தொடங்கி, கம்பி மாட்டி முறுக்கேற்றுவது வரைக்கும் சொல்லிக்கொடுப்பார்களாம். முடியும்போது சொந்தக் கையால் செய்த பாஸ் கிட்டாரோடு வீட்டுக்கு வரலாம்.

"கல்யாண நாளு ரெண்டு பேருக்கும்தானேடி? எனக்கு இன்னா?" என்று கேட்டேன்.

"உனக்கு சனிக்கிழமை ஃபுல்லா ஃப்ரீ மம்மி" என்றாள். வாய் மட்டும் என்னைக் கொண்டு பிறந்திருக்கிறது.

இவர் பெயர் ஜெயசீலன். ஆரணியில் நெசவுக் குடும்பம். எட்டு வயதில் தறிக்குழியில் கால் வைத்தவர், பத்தொன்பது வயதில் சர்ச் பாட்டுக் குழுவில் பாஸ் கிட்டாரைப் பிடித்துக்கொண்டார். டிசம்பர் பிறந்தால் வீட்டில் கால் தரிக்காது. மினி லாரியில் ஜெனரேட்டரையும் ஸ்பீக்கரையும் ஏற்றிக்கொண்டு, எங்கள் பக்கத்துச் சேத்துப்பட்டு வரைக்கும் வீடு வீடாகப் போய்க் கேரல் பாடிவிட்டு வருவார்கள். நான் கண்ணமங்கலத்துக்காரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட, போகிற வழியில் பிராக்டிஸ் இருக்கிறது என்று கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். மாப்பிள்ளையா, கச்சேரிக்காரரா என்று எங்கள் தெருவே எட்டிப் பார்த்தது.

கூட வந்த போதகர் ஐயா, "மாப்பிள்ளகிட்ட எதனா கேக்கணும்னா கேளும்மா" என்றார். அது ஒரு மரியாதைக்குச் சொல்வது. பெண் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட வேண்டும். நான் கேட்டுவிட்டேன்.

"அந்த கிட்டார்ல ஏன் நாலு கம்பிதான் கீது? ரெண்டு அறுந்து போச்சா?"

நான் பார்த்த கிட்டாருக்கெல்லாம் ஆறு கம்பி; பாஸ் கிட்டாருக்கு நாலேதான் என்று எனக்கு எப்படித் தெரியும்? எங்கம்மா தலையில் அடித்துக்கொண்டாள். இவர் தலையைப் பின்னால் சாய்த்து, கேசரித் தட்டு மடியிலிருந்து சரிகிற அளவுக்குச் சிரித்தார். "இத இதுக்கு முன்ன யாரும் என்ன கேட்டதே இல்லீங்க" என்றார். அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். பிறகு எங்களுக்குள் எவ்வளவு பெரிய சண்டை வந்தாலும், ரெண்டு கம்பி அறுந்து போச்சா என்று நான் கேட்டால் போதும், மனுஷர் சிரித்துவிடுவார். சண்டை அதோடு சரி.

2

நான் வேலை செய்வது மறதி நோய் வந்த முதியவர்கள் இருக்கிற ஓர் இல்லத்தில். எனவே இந்த நோயின் அறிகுறி தெரியாது என்று சொல்ல எனக்கு வழியில்லை. தெரிந்துகொண்டே தெரியாத மாதிரி இருந்தேன்.

இவர் வேலை பார்த்த சரக்குக் கிடங்கைப் போன வருஷம் மூடிவிட்டார்கள். வீட்டில் சும்மா இருக்கிற ஆள், கொஞ்சம் பேச்சுக் குறைந்தால் என்ன என்று நினைத்தேன். சர்ச்சில் எல்லோரும் இங்கிலீஷில் ஜெபம் சொல்ல, இவர் மட்டும் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று சத்தமாகத் தொடங்கினார். வெள்ளைக்காரக் கிழவிகள் திரும்பிப் பார்த்து, எவ்வளவு அழகு என்றார்கள். நானும் பல்லைக் காட்டினேன். ஒருநாள் கடைக்குப் போனவர், இரண்டு தெரு தள்ளி எங்கள் வீட்டுக் கதவு மாதிரியே சிவப்புக் கதவு உள்ள இன்னொரு வீட்டு வாசலில் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஊரில் எல்லா வீடும் ஒரே அச்சில் வார்த்ததுதானே, யாருக்குத்தான் குழம்பாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ரூத்துக்கு மட்டும் ஒரே சந்தோஷம். "அப்பா இப்பல்லாம் என்கிட்ட தமிழ்லயே பேசறார் மம்மி. எனக்கு டீச் பண்ணறாரா?" என்று கேட்டாள். அவளுக்குப் பாதி புரியும், பாதி புரியாது. ஆமாம்டி, கற்றுக்கொள் என்றேன். இங்கிலீஷ் அவரிடமிருந்து கழன்றுகொண்டிருக்கிறது என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

எங்கள் இல்லத்தில் டோரதி என்று ஒரு பாட்டி. சாயங்காலமானால் பையை மாட்டிக்கொண்டு, அம்மா எப்போது வருவாள் என்று கேட்பார். மழை விட்டதும் வந்துவிடுவார்கள் டோரதி என்பேன். இந்த ஊரில் மழை எப்போது விட்டது? அவர் சமாதானமாகி உட்கார்ந்துகொள்வார். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான். அவர்களைத் திருத்தாதே. அவர்கள் எந்தக் காலத்தில் நிற்கிறார்களோ, அங்கே போய் நீயும் நில். சுவரில் அடித்த சுண்ணாம்பு மாதிரிதான் இந்த நோய். கடைசியாக அடித்தது முதலில் உதிரும், அடியில் உள்ளது கடைசி வரைக்கும் நிற்கும்.

3

பட்டறைக்கு நானே காரில் கூட்டிக்கொண்டு போனேன். எனக்கு ஃப்ரீயாகக் கிடைத்த சனிக்கிழமை அப்படிப் போயிற்று. மூலையில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு டீ குடித்தபடி உட்கார்ந்திருப்பேன். சொல்லிக்கொடுக்கிறவர் பெயர் கீத். தாடிக்குள் எப்போதும் மரத்தூள் இருக்கும், பொறுமைசாலி.

முதல் சில வாரங்கள் இவரைப் பார்க்க எனக்கே பொறாமையாக இருந்தது. உடல் பலகையை வெட்டி, தேய்த்து, உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தார். கழுத்துப் பகுதிக்குள் ஓர் இரும்புக் கம்பியைப் புதைக்கிறார்கள். தந்தி இழுக்கிற இழுப்பில் கழுத்து வளையாமல் இருப்பதற்காம். கீத் அதை விளக்குவதற்குள் இவரே சொல்லிவிட்டார். விரல் வைக்கிற பலகையில் குறுக்கே பதிக்கிற ஃபிரெட் கம்பிகளைப் பற்றிப் பேச்சு வந்தபோது, பன்னிரண்டாவது கம்பி தந்தியின் சரிபாதியில் வர வேண்டும், உடலை நோக்கிப் போகப்போக இடைவெளி குறுகிக்கொண்டே வர வேண்டும் என்று விரலை வைத்துக் காட்டினார். கீத் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இந்த ஆளுக்கா மறதி என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பலகையில் கோடு போடுகிற சனிக்கிழமை வந்தது. கீத் ஒவ்வொருவருக்கும் அளவு குறித்த ஒரு பட்டையைக் கொடுத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்குமே, இரண்டு முள் உள்ள டிவைடர், அதற்குப் பெரியப்பா மாதிரி ஒன்று மேசையில் கிடந்தது. இவர் பட்டையை ஓரமாகத் தள்ளிவிட்டு அதை எடுத்தார். முள்ளை விரித்து, ஓர் அளவு வைத்துப் பூட்டி, பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் டிக், டிக் என்று நடத்திக்கொண்டே போனார். கை நடுங்கவில்லை. கண் இமைக்கவில்லை. பிறகு சின்ன ரம்பத்தை எடுத்து அறுக்கத் தொடங்கினார்.

கீத் திரும்பி வந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். நானும் எழுந்து போனேன். பலகையில் கோடுகள் எல்லாம் ஒரே இடைவெளியில் விழுந்திருந்தன. இசை தெரியாத எனக்கே அது தப்பு என்று தெரிந்தது. முப்பது வருஷமாக அவர் கிட்டாரைத் துடைத்து வைத்தவள் நான்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தறியில் அச்சு என்று ஒன்று இருக்கிறது. சீப்பு மாதிரி, நீளவாக்கில் ஓடுகிற பாவு இழைகளைப் பிரித்து நிறுத்துகிற சட்டம். அதன் பல் எல்லாம் ஒரே இடைவெளி. ஓர் இடத்தில் பிசகினாலும் புடவையில் மேலிருந்து கீழ்வரை கோடு விழுந்துவிடும், கடைக்காரர் திருப்பி எறிந்துவிடுவார். எட்டு வயதுப் பிள்ளைக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதே அந்தப் பல்லைப் பார்க்கத்தான். இவர் செய்துவைத்திருந்தது அதைத்தான்.

கீத் மெதுவாக, இது இப்படி வராதே ஜெய், சுருதி சேராதே என்றார். இவருக்குக் கோபம் வந்துவிட்டது. தமிழிலேயே கத்தினார்.

"இன்னா வேல தெரிஞ்ச ஆளுய்யா நீ? உன் பட்டைல ஒண்ணு அகலமா கீது, ஒண்ணு குறுகலா கீது. இத வச்சிகினு இன்னா பண்றது? பொடவைல கோடு வுழுந்தா எங்கப்பாவுக்கு நீயா பதில் சொல்லுவ?"

கீத்துக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனாலும் எல்லாம் புரிந்த மாதிரி என்னைப் பார்த்தார். மரம்தானே, வேறு பலகை போட்டுக்கொள்ளலாம் என்றார். நான் தலையை ஆட்டினேன். கார் சாவியைத் தேடி எடுத்தேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் மனசு ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தது. தறி எட்டு வயதில் வந்தது, நிற்கிறது. பாஸ் பத்தொன்பதில் வந்தது, உதிர்கிறது. நான் வந்தது அவருடைய இருபத்தேழாவது வயதில்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "பசிக்குது மே, ஜல்தி போ" என்றார். பெண்டாட்டியைக் கூப்பிடுகிற அந்த 'மே' காதில் விழுந்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

4

இவருடைய அக்கா சுகந்தி, எனக்கு அண்ணி. ஆரணியில் அந்தப் பழைய வீட்டிலேயே இருக்கிறார். போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அண்ணி அதை நிறுத்தச் சொன்னார்.

"அப்பாவுக்கும் இப்பிடித்தான் எஸ்தரு ஆரம்பிச்சுது" என்றார்.

எனக்கா தெரியாது? கல்யாணமாகி நான் அந்த வீட்டுக்குள் போனபோது என் மாமனாருக்கு அறுபதுகூட ஆகவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, போர்வை ஓரத்து நூலைப் பிரித்து, ஒன்றோடு ஒன்றை விரலால் முறுக்கிச் சேர்த்துக்கொண்டிருப்பார். பழைய பாவின் நுனியில் புதுப் பாவைப் பிணைக்கிறாராம். சோறு கொண்டுபோனால் என்னை நிமிர்ந்து பார்த்து, "யார் வூட்டு பொண்ணுமா நீ? சாயங்காலம் ஆயிட்ச்சு, உன் வூட்ல தேடுவாங்க, போ" என்பார். எங்கள் மாமியார், வயசானா அப்படித்தான் என்பார். அந்த வீட்டில் அதற்கு வேறு பெயர் கிடையாது. அப்போது நான் சிரித்துக்கொண்டே, இதுதான் மாமா என் வீடு என்று சொல்லிவிட்டு வருவேன்.

"டாக்டராண்ட காட்டுமா. பயந்துகினே ஒக்காந்துகினு இருந்தா ஆச்சா?" என்றார் அண்ணி.

காட்டினேன். இந்த ஊர் நடைமுறை உங்களுக்குத் தெரியாது. முதலில் குடும்ப டாக்டர், அவர் எழுதி, ஞாபகப் பரிசோதனை செய்கிற இடத்திலிருந்து கடிதம் வர வேண்டும். அதற்குள் மாதங்கள் ஓடிவிடும். இடையில் வண்டி ஓட்டக் கூடாது என்று ஒரு கடிதம் மட்டும் முந்திக்கொண்டு வந்துவிட்டது. பரிசோதனை அன்று அங்கிருந்த டாக்டரம்மா இங்கிலீஷில், இப்போது நாட்டின் பிரதமர் யார் என்று இவரைக் கேட்டார். அடிக்கடி மாறுகிறார்களே, எனக்கே சட்டென்று வரவில்லை. இவர் என் பக்கம் திரும்பி, "இந்தம்மா இன்னா கேக்குறாங்க?" என்றார். மொழிபெயர்ப்பாளருக்கு ஏற்பாடு செய்து இன்னொரு நாள் கூப்பிடுகிறோம் என்று அனுப்பிவிட்டார்கள்.

ரூத்திடம் சொன்னேன். எதிர்முனையில் அழுகைச் சத்தம்தான் வந்தது. பிறகு, "அப்பாவுக்கு இங்கிலீஷ் ஃபுல்லா போயிட்டா நான் எப்படி மம்மி பேசறது?" என்றாள். அவள் சின்னவளாக இருந்தபோது, வீட்டில் இங்கிலீஷே பேசுவோம், பள்ளிக்கூடத்தில் பிள்ளை திணறக் கூடாது என்று இவர்தான் சட்டம் போட்டார். அதை இப்போது யாரிடம் போய்ச் சொல்லிக்கொள்வது?

5

கீத் நல்ல மனுஷர். பாடம் முடிந்துவிட்டது என்று கைவிடவில்லை. ஃபிரெட்டே வேண்டாம், கம்பி பதிக்காத வழவழப்பான பலகையாகவே போட்டுவிடலாம், அப்படியும் பாஸ் கிட்டார் உண்டு என்றார். குறுக்கே கம்பி இல்லாவிட்டால் விரலை எங்கே வைப்பது என்று கேட்டேன். காது சொல்லும் இடத்தில் என்றார்.

அப்படித்தான் செய்து முடித்தார்கள். கடைசிச் சனிக்கிழமை நாலு தந்தியையும் மாட்டி, முறுக்கேற்றி, இவர் கையில் கொடுத்தார் கீத். இவர் அதை மடியில் வைத்துக்கொண்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். தடவினார். வாசிக்கவில்லை. கீத் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டிசம்பருக்கு ஊருக்குப் போய்விடலாம் என்று அங்கேயே நின்று முடிவு செய்தேன். ரூத் லீவு கிடைக்காது என்றாள். பரவாயில்லை என்றேன்.

சென்னை விமான நிலையத்தில் ஓர் அதிகாரி கிட்டார்ப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். இது புதுசு மாதிரி இருக்கிறதே, பில் எங்கே என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முன்னால் போய் நின்றார்.

"நானே செஞ்சது சார். நாம செஞ்சதுக்கு நாமளே எப்பிடி சார் பில்லு போட்டுக்கறது?"

அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது, போங்க போங்க என்றார். எனக்கோ கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. இப்படி ஒரு வாய் இவர் பேசி எத்தனை நாளாயிற்று!

6

ஆரணியில் இறங்கியதும் எனக்குப் பழைய ஆள் திரும்பக் கிடைத்துவிட்டார். ஆமாம், அப்படித்தான் நம்பினேன். பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரர் சுற்றுவழியில் போகப் பார்க்க, "எந்த ஊர் ஆளுன்னு நெனச்ச? கோட்ட பக்கமா வுடு" என்று அதட்டினார். தெருவில் பாவு நீட்டிக் கட்டியிருந்ததைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நடந்தார். எதிரே வந்தவர்களையெல்லாம் அவர்கள் அப்பா பெயர் சொல்லி விசாரித்தார். எந்தச் சந்தில் திரும்பினால் சர்ச், எந்த வீட்டில் சாயம் காய்ச்சுகிறார்கள் என்று எனக்கே வழி காட்டினார்.

"எங்க தம்பி நல்லாத்தானே கீறான்? நீதான் சும்மா பேஜார் பண்ணிகினு கீற" என்றார் அண்ணி.

நானும் ஆசைப்பட்டுவிட்டேன். வீட்டை விற்றுவிட்டு இங்கேயே வந்துவிடலாம், ஊர்த் தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும் என்று ரூத்திடம் போனில் உளறினேன். இத்தனை வருஷம் அந்த இல்லத்தில் வேலை பார்த்த நான், அடிச்சுவர் உறுதியாக நிற்பதைப் பார்த்துவிட்டு, வீடே குணமாகிவிட்டது என்று எண்ணிக்கொண்டேன்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மத்தியானம். சர்ச்சிலிருந்து ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரை இரவல் வாங்கி வந்து கூடத்தில் வைத்திருந்தார் அண்ணி. இவர் நாற்காலியில் உட்கார்ந்து, ஒயரைத் தானே சொருகி, தந்தியை முறுக்கிச் சுருதி சேர்த்தார். நாங்கள் யாரும் உதவவில்லை. பிறகு வாசித்தார். கேரல் ரவுண்ட்ஸில் வாசிக்கிற பழைய பாட்டுக்கான பாஸ். கோடில்லாத அந்தப் பலகையில் விரல் ஒன்றுகூடத் தப்பான இடத்தில் விழவில்லை. கதவு நிலை அதிர்ந்தது. அடுப்படியிலிருந்து அண்ணி கரண்டியோடு ஓடிவந்து நின்று, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுப்பில் எண்ணெய் இருக்கிறது என்று திரும்பவும் ஓடினார். நான் எதிரே பாயில் உட்கார்ந்திருந்தேன். என் மனசு நிறைந்துபோயிருந்தது. உதிரவில்லை, ஒன்றும் உதிரவில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

வாசித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். கூச்சத்தோடு சிரித்தார். என்னைப் பார்த்து இவருக்கு என்ன கூச்சம் என்று ஒரு நொடி யோசித்தேன்.

"கீழ ஏங்க ஒக்காந்துகினு கீறீங்க? மேல ஒக்காருங்க" என்றார்.

நான் பாயின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தேன். அவரே மேலும் சொன்னார்.

"வர்ற ஞாயித்துக்கெழம இங்க இருப்பீங்களா? எனக்கு கண்ணமங்கலத்துல ஒரு பொண்ணு பாத்துகினு கீறாங்க. அன்னிக்குத்தான் போறோம். வேன்ல எடம் கீது, நீங்களும் வாங்களேன்."

அடுப்படியில் எண்ணெய் சடசடத்தது. அண்ணிக்குக் கேட்டிருக்காது. கத்த வேண்டும் போலிருந்தது எனக்கு. அவர் தோளைப் பிடித்து உலுக்கி, நான்தான்யா, நான்தான் அந்தப் பொண்ணு என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. டோரதி பையை மாட்டிக்கொண்டு நிற்பது ஞாபகம் வந்தது. எழுந்து போய் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"பொண்ணு எப்பிடியாம்?" என்று கேட்டேன்.

"யாருக்குங்க தெரியும்? வாய் கொஞ்சம் ஜாஸ்தின்னு சொல்றாங்க" என்று தலையைச் சொறிந்துகொண்டார். "அதான் கொஞ்சம் பயமா கீது."

"பயப்படாதீங்க. நல்ல பொண்ணுதான். எனக்குத் தெரியும்."

"மெய்யாலுமா?" என்றார். முகம் மலர்ந்துவிட்டது.

என் கையில் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்றுதான். முப்பது வருஷம் ஒருமுறைகூடப் பொய்க்காதது. அவர் மடியில் இருந்த கிட்டாரைக் காட்டிக் கேட்டேன்.

"இதுல ஏன் நாலு கம்பிதான் கீது? ரெண்டு அறுந்து போச்சா?"

அவர் தலையைப் பின்னால் சாய்த்து, நாற்காலி ஆட ஆடச் சிரித்தார். அதே சிரிப்பு. ஒரு நொடி, அந்த ஒரே ஒரு நொடி, அவர் திரும்பி வந்துவிட்டார் என்றே நம்பினேன். சிரிப்பு அடங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்குப் பழக்கமே இல்லாத மரியாதையோடு சொன்னார்.

"இத இதுக்கு முன்ன யாரும் என்ன கேட்டதே இல்லீங்க."